டீச்சரின் காருக்கு நான் கண்டுபிடித்த பழுது

மழை அடித்து ஓய்ந்த காலையில் ஒரு பழைய கார் ஸ்ராட் ஆகாவிட்டால், அநேகமாகப் பழுது ஒரே இடத்தில்தான் இருக்கும். பொனற்றைத் திறந்தால் இஞ்சினுக்குப் பக்கத்தில் கறுப்புச் சிரட்டை மாதிரி ஒன்று கவிழ்ந்திருக்கும். அதன் தலையிலிருந்து ஐந்து வயர்கள் போகும். டிஸ்ரிபியூட்டர் மூடி என்போம். நெருப்புப் பொறியை எந்தப் பிளக்குக்கு எப்போது அனுப்புவது என்று பங்கிடுகிற இடம் அது. அதற்குள் ஈரம் புகுந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே வேறெங்காவது ஓடிவிடும். மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, அடுப்படியில் கொஞ்ச நேரம் காட்டி மாட்டினால் கார் ஓடும். கால் மணி நேர வேலை. இதற்கு ஒரு மெக்கானிக் கூடத் தேவையில்லை.

இவ்வளவு தெளிவாகச் சொல்கிற இந்த வாய், அன்றைக்கு டீச்சர் வீட்டு முற்றத்தில் எங்கே போயிருந்தது? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். டீச்சர் இப்போது உயிரோடு இல்லை. சொன்னால் மனம் ஆறிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஆனாலும் சொல்லாமல் வைத்திருக்க இனி ஏலாது.

திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குக் கிட்ட எனக்கு ஒரு கராஜ் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பது வயது. வேலை தெரியும்; வேலை தெரியும் என்கிற திமிர் அதைவிடக் கூடுதல். சந்தியில் கார் திரும்புகிற சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடுவேன். அதைக் கேட்க நாலு பேர் நின்றால் இன்னும் நன்றாகச் சொல்வேன். யாராவது மறுத்துக் கதைத்தால் ஸ்பனரை நிலத்தில் போட்டுவிட்டு, "அப்ப நீங்களே பாருங்கோ" என்று போய்விடுவேன். சனம் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வரும். அந்தக் கெஞ்சல் எனக்குப் பிடிக்கும்.

அது வெளிநாட்டுச் சாமான்கள் நாட்டுக்குள் வராத காலம். ரயர் இல்லை, பிளக் இல்லை, ஒரு ரப்பர் வளையத்துக்குக் கூடக் கொழும்பு முழுக்க அலைய வேண்டும். ஊரில் ஓடிய கார்களோ எல்லாம் ஐம்பதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. அவற்றை நாங்கள் எப்படி ஓட வைத்தோம் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றைக் கழற்றி ஒன்றுக்குப் போட்டுத்தான். சேர்விசுக்கு வந்து ஆறுதலாக நிற்கிற காரின் நல்ல சாமானைக் கழற்றி, அவசரமாக ஓட வேண்டிய காருக்குப் பூட்டுவோம். நிற்கிற காருக்கு ஏதாவது ஒட்டுப்போட்ட பழசு. பிறகு புதிது கிடைத்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடுவோம். எங்களுக்குள் இதற்குக் கைமாற்று என்று பெயர். சொந்தக்காரருக்குச் சொல்வதில்லை. களவு என்று எவரும் நினைத்ததும் இல்லை, நான் உட்பட. ஒரேயொரு கட்டுப்பாடு இருந்தது. மின்சாரச் சாமான் என்றால் மாரி மழைக்கு முன்னம் திருப்பிப் பூட்டிவிட வேண்டும். வெயிலில் தெரியாத ஒட்டு மழையில் தெரிந்துவிடும்.

டீச்சர் நிலாவெளி றோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். கலியாணம் செய்யவில்லை. தகப்பன் செத்தபோது அவருடைய கார் மிஞ்சியது. சாம்பல் நிறம், உருண்டைப் பின்பக்கம், சிவப்புத் தோல் சீற். டீச்சர் பிடிவாதமாகக் கார் ஓட்டப் பழகி லைசென்சும் எடுத்தார். அந்த நாளில் எங்கள் ஊரில் ஒரு பெண் தனியே கார் ஓட்டிக்கொண்டு போனால் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, என்னைவிட நிதானமாக ஓட்டுவார்.

வீட்டில் தாய்க்கு இரண்டு காலும் வழங்காமல் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் தாயைப் பின் சீற்றில் இருத்தி, மாதா கோயில் பூசைக்குக் கொண்டுபோய், திரும்பும்போது டச்சுக்குடாக் கடற்கரையில் காரைக் கடலைப் பார்க்க நிறுத்துவார். இரண்டு பேரும் இறங்காமல் உள்ளேயே இருந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். தாய் வீட்டை விட்டு வெளியே வருவது கிழமைக்கு அந்த ஒரு தரம்தான்.

ஆனால் காரின் பதிவுப் புத்தகம் கொழும்பில் வேலை பார்த்த அண்ணரின் பெயரில் இருந்தது. தங்கை கார் ஓட்டுவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆவணி மாதம் சேர்விசுக்குக் காரைக் கொண்டுவந்தபோது டீச்சரே அதை என்னிடம் சொன்னார்.

"தம்பி, ஒண்டும் விடாமப் பாருங்கோ. ஒரு நாளைக்கு நிண்டாலும் வித்துப்போடுவன் எண்டு அண்ணா சொல்லிப்போட்டார். வித்தா அம்மா அறைக்குள்ளதான்."

"நான் இருக்கிறன், நீங்கள் ஏன் பயப்பிடுறீங்கள் டீச்சர்?" என்றேன். பெரிய ஆள் மாதிரி.

அடுத்த நாள் விடிய, கொந்தராத்துக்காரர் கராஜுக்குள் வந்தார். துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் அவருடையது. என்னிடம் வருகிற லொறிகளில் பாதி அவருடைய லொறிகள். அவரிடமும் டீச்சரின் காரைப் போலவே ஒன்று, நிறம் மட்டும் வேறு. கழுவுகிற பொடியன் டிஸ்ரிபியூட்டர் மூடியைச் சீமெந்தில் போட்டு இரண்டாக உடைத்துவிட்டானாம். மத்தியானம் சீனன்குடாவில் விமானத்தால் இறங்குகிற ஒரு பெரிய மனிதரை அவர் காரோடு நின்று வரவேற்க வேண்டும்.

"எங்கையாவது ஒண்டை எடுத்துப் பூட்டும் ஐசே. ரெண்டு கிழமையில கொழும்பில இருந்து எடுப்பிச்சுத் தாறன்."

டீச்சரின் கார் பொனற் திறந்தபடி எனக்கு முன்னால் நின்றது. நான் இரண்டாம் தரம் யோசிக்கவில்லை. அவருடைய மூடியைக் கழற்றிக் கொந்தராத்துக்காரருக்குப் பூட்டினேன். டீச்சரின் காருக்குப் பழைய தகரத்துக்குள் கிடந்த ஒரு மூடி. அதில் தலைமயிர் அளவு வெடிப்பு. வெடிப்பை அடைக்க என் மனுசியின் நகப் பொலிஷை எடுத்துத் தடவினேன். அது நல்ல வேலை செய்யும், எல்லா மெக்கானிக்கும் செய்கிறதுதான். நிறம்தான் ரோஸ். கறுப்பு மூடியில் ரோஸ் கோடு பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று பொனற்றைச் சாத்திவிட்டேன்.

பின்னேரம் டீச்சர் வந்து திறப்பைத் திருப்பினார். கார் உடனே பிடித்தது. "தையல் மெசின் மாதிரி ஓடுது தம்பி!" என்றார். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது, பாருங்கள்.

இரண்டு கிழமை போய் இரண்டு மாதம் ஆனது. கொந்தராத்துக்காரரைக் காணும்போதெல்லாம், "வரும், வரும்" என்பார். நான் இறுக்கிக் கேட்கவில்லை. கேட்டால் லொறிகள் வேறு கராஜுக்குப் போய்விடும் என்ற பயம். மழைக்கு இன்னும் நாள் கிடக்கு என்ற சோம்பலும்தான். டீச்சரின் கார் கராஜைக் கடந்து போகும்போது அவர் கை காட்டுவார். நானும் கை காட்டுவேன்.

அந்த வருடம் ஐப்பசியிலேயே மழை தொடங்கிவிட்டது. செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் இரண்டு நாளும் இரவு பகலாக ஊற்றியது. திருநாளன்று காலையில் கொஞ்சம் வெளித்தது. நான் கராஜ் கதவைத் திறந்துகொண்டு நிற்கையில் டீச்சர் குடையோடு நடந்து வந்தார். சேலைக் கரை முழுக்கச் சேறு.

"தம்பி, கார் ஸ்ராட் வருகுதில்லை. அண்ணா வந்து நிக்கிறார். அம்மாவையும் ஏத்திப் போட்டன். கெதியா ஒருக்கா வாங்கோ."

காரைப் பார்க்காமலே, அதன் சத்தத்தைக் கேட்காமலே பழுது என்னவென்று எனக்குத் தெரியும். இப்படிப் பழுது தெரிந்தது என் வாழ்நாளிலேயே அந்த ஒரு தரம்தான்.

வீட்டு முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே கார் நின்றது. பின் சீற்றில் தாய் வெள்ளைச் சேலையோடு இருந்தார். மடியில் மெழுகுதிரிப் பெட்டி, வாழையிலையில் சுற்றிய பூ. சேமக்காலைக்குப் போய்ப் புருசனின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். வருடத்தில் ஒரு நாள். அண்ணர் முன்னால் நின்றார், நீளக் காற்சட்டை, கையில் குடை.

நான் போட்ட கணக்கு சுலபமானது. மூடியைக் கழற்றுவேன், சாரத்தின் உள்பக்கத்தால் துடைப்பேன், மாட்டுவேன், கார் ஓடும். கைமாற்றுக் கதை எவருக்கும் தெரியாது. ஆனால் நான் பொனற்றைத் தூக்கியதும் அண்ணர் வந்து என் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நானும் கொழும்பில கார் வச்சிருக்கிறன் ஐசே. எனக்கும் கொஞ்சம் விளங்கும்."

மூடியைக் கழற்றினால் ரோஸ் கோடு அவர் கண்ணில் குத்தும். இது என்ன என்று கேட்பார். கேட்டால் கராஜ் முழுக்க நாறும். என் கை மூடிக்குக் கிட்டப் போய்த் திரும்பி வந்தது.

பிறகு நான் ஆடிய கூத்து இருக்கிறதே! பற்றறி வயரை ஆட்டிப் பார்த்தேன். ஹோர்ன் அடித்துப் பார்த்தேன், சத்தம் நன்றாக இருந்தது. பெற்றோல் குழாயைக் கழற்றி ஊதினேன். கொயிலைத் தட்டினேன். கார்பரேற்றரை முகர்ந்து பார்த்தேன். முன்னால் போய் ஹாண்டில் போட்டுச் சுற்றினேன், வியர்த்து ஒழுகச் சுற்றினேன். சுற்றச் சுற்ற, டீச்சர் ஓட்டுகிற சீற்றில் இருந்தபடி தலையை வெளியே நீட்டி என் முகத்தையே பார்த்தார். பழுது இல்லாத இடமெல்லாம் தேடினேன்.

அண்ணர் குடை நுனியால் சரியாக அந்த இடத்தைக் காட்டினார். "இந்த மூடிக்குள்ள ஈரம் போயிருக்குமோ? கழட்டிப் பாக்கயில்லையே?"

"அது நான் ஆவணியில பாத்தது. அதில ஒண்டும் இல்லை," என்றேன்.

இதுதான் நான் சொன்ன முதல் பொய். அதைச் சொல்லியபின் கார் அன்றைக்கு ஓடாது என்பது முடிவாகிவிட்டது. இனி வேறொரு பழுது வேண்டும். நான் ஒரு பிளக்கைக் கழற்றினேன். பொறி இல்லாமல் இத்தனை தரம் சுற்றினால் எந்தப் பிளக்கும் பெற்றோலில் நனைந்துதான் இருக்கும். அதை அண்ணரின் மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன்.

"மணந்து பாருங்கோ. பெற்றோல்ல குளிச்சுக் கிடக்கு. சோக்கை இழுத்து இழுத்துப் பெற்றோலைக் கூட்டி விட்டிருக்கிறா. இஞ்சின் முழுக்க நிரம்பிப் போச்சு. பொம்பிளைக் கை எண்டா இப்பிடித்தான்."

கடைசி வசனத்தை ஏன் சொன்னேன்? அதற்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. சிரிப்புக்காகச் சொன்னேன். அண்ணர் சிரித்தார்.

"நான் ஒருக்காத்தான் இழுத்தனான்," என்றார் டீச்சர்.

"ஒருக்கா எண்டு நினைச்சிருப்பீங்கள் டீச்சர்."

அவர் சோக் பிடியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "அப்பிடியும் இருக்கும்," என்றார் மெதுவாக. படுபாவி நான், அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"நான் எத்தினை தரம் சொன்னனான்?" என்று தொடங்கினார் அண்ணர். "இது உனக்குச் சரிவராது. வாங்கிற ஆளைப் பாத்து வித்துவிடுவம்." பின் சீற்றிலிருந்து தாய்தான், "சரி மகள், என்னை இறக்கு" என்றார். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்தோம். அண்ணர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தாயை உள்ளே தூக்கிப் போனோம். ஒரு பாரமும் இல்லை. கதிரையை இறக்கியதும் தாய் என் தலையில் கை வைத்து, "கஷ்டப்படுத்திப் போட்டம் தம்பி, ஆண்டவர் உங்களைக் காப்பாத்துவார்" என்றார். சேமக்காலைக்கு அண்ணர் மட்டும் வாடகைக் காரில் போனார். திருநாள் நெரிசலில் அதில் ஒரு ஆளுக்குத்தான் இடம் கிடைத்தது.

அன்று பின்னேரமே கொந்தராத்துக்காரரின் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஆள் கொழும்புக்குப் போய்விட்டார், காரோடு. பத்து நாள் கழித்து வந்தார். எனக்கு வந்த கோபத்தில், லொறி போனால் போகட்டும் என்று அவருடைய காரின் மூடியைக் கையோடு கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கோபம் பத்து நாளுக்கு முதல் வந்திருக்க வேண்டும்.

அதற்குள் அண்ணர் ஆள் பிடித்துவிட்டார். புல்மோட்டைப் பக்கம் வேலை பார்த்த ஒரு உத்தியோகத்தர். வாங்குவதற்கு முதல் ஒரு மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்க, டீச்சர் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். நான் நல்ல மூடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அவர்கள் வருவதற்கு முன்னமே போய்விட்டேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. கார் நன்றாக ஓடினால், இவ்வளவு நல்ல காரை ஏன் விற்க வேண்டும் என்று அண்ணரின் மனம் மாறும். அப்படி என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

மூடியை மாற்றினேன். திறப்பைத் திருப்பினேன். முதல் திருப்பலிலேயே பிடித்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது, அப்படியும் பிடித்தது. சத்தம் கேட்டு டீச்சர் குசினிக்குள்ளிருந்து ஓடி வந்து படியில் நின்றார்.

"பாருங்கோவன், உங்கட கை பட்ட உடன ஓடுது," என்றார். "அப்ப அண்ணா சொன்னது சரிதான். கார்ல பழுதில்லை."

"இல்லை டீச்சர், அது..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ தம்பி. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம்."

உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். கூப்பனுக்குச் சீனி அளந்து தருகிற காலம், வீட்டுக்கு வீடு பனஞ்சர்க்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர் குடித்தோம். அவர் எனக்குச் சீனி போட்டுத் தந்தார். நான் குடித்தேன். தொண்டையால் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். இறங்கியது. கிளாசைக் கழுவியும் வைத்தேன். மத்தியானம் உத்தியோகத்தர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். அண்ணர் கையைப் பிடித்து எனக்கு நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு டீச்சர் பஸ்ஸில் போனார். மழைநாளில் கராஜைக் கடந்து பஸ் நிலையத்துக்கு நடந்து போவார், முன்னைப் போலவே கை காட்டுவார். நான் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். தாய் அந்த அறையிலேயே இருந்து மூன்றாம் வருடம் போய்ச் சேர்ந்தார். கடற்கரை அந்த வீட்டிலிருந்து கால் மைல் கூட இல்லை. செத்த வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை, படலையடியில் நின்றுவிட்டு வந்தேன். என் மனுசியிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "போய் அவவிட்டச் சொல்லுங்கோ, எனக்குச் சொல்லி என்ன?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறேழு வருடம் போக்கினேன்.

பிறகு டீச்சர் பூசைக்குப் போகிற கோயிலின் பங்குக்கு எங்கிருந்தோ ஒரு பழைய வான் கிடைத்தது. அதை ஓட்டத்துக்குக் கொண்டுவர என்னைத்தான் கூப்பிட்டார்கள். கோயில் வளவில், வேப்பமரத்துக்குக் கீழே நின்று இரண்டு நாள் வேலை செய்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் வான் ஓடியது. பங்குச் சுவாமியாருக்கு வாயெல்லாம் பல். அப்போது டீச்சர் கோயிலுக்குள்ளிருந்து வந்தார். தலை நரைத்துவிட்டது.

"டீச்சர், உங்களிட்ட லைசென்ஸ் இருக்கெல்லே?" என்றார் சுவாமியார். "ஞாயிறில நடக்க ஏலாத ஆக்களைப் பூசைக்கு ஏத்திக்கொண்டு வரத்தான் இந்த வான். எனக்கு நம்பிக்கையான ஒராள் வேணும். நீங்களே ஓட்டுங்கோவன்."

டீச்சரின் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் கண்டேன். கதவின் கைபிடியில் கையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"ஐயோ, வேண்டாம் சுவாமி. என்ர கைக்கு வாகனம் சரிவராது. நல்லா ஓடின காரை நான் பழுதாக்கி, அம்மாவை ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கூடச் சேமக்காலைக்குக் கொண்டுபோக ஏலாமப் போச்சு. அதுக்குப் பிறகு அம்மா வெளியில வரவேயில்லை. இந்தத் தம்பியைக் கேளுங்கோ, அவர்தான் அண்டைக்கு வந்து பாத்தவர்."

சுவாமியார் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியோ தம்பி?"

டீச்சரும் என்னைப் பார்த்தார். நான் கையைத் துணியில் துடைத்தேன்.

"ஓம் சுவாமி," என்றேன்.